ஆவன செய்யவும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது கொஞ்சம் மரியாதை. தாத்தா செத்த இடத்தைத் தேடி மலேசியாவிலிருந்து வந்த நான், முதல் நாளே அவர் சமாதியைக் கண்டுபிடித்து, ஆள் உயர ரோஜா மாலை போட்டு, சூடம் கொளுத்தி, விழுந்து கும்பிட்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். சமாதி நல்ல சமாதி. அழுகையும் நல்ல அழுகை. தாத்தாதான் வேறு ஒருவருடைய தாத்தா.

ஈப்போவில் இருபத்தெட்டு வருஷமாக ஊராருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன் நான். பலகையைப் படி, பிறகு வண்டியைத் திருப்பு என்று தினமும் கத்துகிறவன். நானே பலகையைப் படிக்கவில்லை.

வந்த காரியம் அம்மாவுடையது. அம்மாவின் அப்பா மாரிமுத்து, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் மலாயாவுக்குப் போய் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார். மனைவி போய்ச் சேர்ந்ததும், மகளை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். விவசாயக் கூலி. செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தார். அறுபதுகளின் கடைசியில், நான் பிறப்பதற்கு முன், அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அம்மா அதை இன்றும் நகைப் பெட்டியில் வைத்திருக்கிறார். படம் எடுத்து என் போனில் கொண்டுவந்திருந்தேன்.

'அன்புச் சகோதரிக்கு, தங்கள் தகப்பனார் தோழர் மாரிமுத்து அவர்கள் எங்களை விட்டுப் போய்விட்டார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். கிளைக்கு இது ஈடுசெய்ய முடியாத இழப்பு. தாங்கள் ஆவன செய்யவும். இப்படிக்கு, பக்கிரிசாமி, கிளைச் செயலாளர், நெல்லிவாசல்.'

ஆவன செய்தார்கள். பதினாறாம் நாள் கருமாதி, வருஷா வருஷம் படையல். ஆனால் எந்த நாளில் செத்தார் என்று கடிதத்தில் இல்லை. அதனால் கடிதம் வந்து சேர்ந்த நாளையே திதியாக வைத்துக்கொண்டார் அம்மா. அது அவரை ஐம்பது வருஷத்துக்கு மேலாக அரித்துக்கொண்டிருக்கிறது. "தபால்காரன் வந்த நாளுக்குப் படைக்கிறேன்டா. அப்பா வந்து சாப்பிடுறாரா, தபால்காரன் வந்து சாப்பிடுறானா?" இப்போது அம்மாவுக்கு எண்பது. போன மாதம் ஒரு தடவை குளியலறையில் விழுந்து எழுந்தபின், "நான் போறதுக்குள்ள ஒரு தடவையாவது சரியான நாள்ல படைச்சிடணும். போய்க் கேட்டுட்டு வா" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

கும்பகோணத்தில் இறங்கிய காலையில் ஒரு கடையில் உட்கார்ந்து, "கோப்பி ஓ ஒண்ணு" என்றேன்.

"ஓவா?" என்றார் கடைக்காரர்.

"பால் இல்லாம."

அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஒடம்புக்கு எதும் முடியலையா சார்?"

பிறகு என்னைக் கேட்காமலேயே பாலோடு ஒரு டவரா செட் வந்தது. குடித்தேன். எங்கள் ஊரில் இத்தனை வருஷமாகக் குடித்ததெல்லாம் என்ன என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

டவுன் பஸ்ஸில் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. தொழில் வியாதி. முன் சீட்டிலிருந்த அம்மாள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மூன்றாம் தடவை கேட்டார்: "ஏன் சார் ஒதைக்கிறீங்க? நான் என்ன பண்ணினேன்?" மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது கண்டக்டர் வந்தார்.

"நெல்லிவாசல் ஒண்ணு."

"வடபாதியா, தென்பாதியா?"

"எது கிட்டக்கவோ அது."

அவர் சீட்டைக் கிழித்தார். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆறும், அந்தக் காலத்தில் ஆற்றைவிட ஆழமான வேறு சிலவும் ஓடின என்பது எனக்கு அப்போது தெரியாது.

வடபாதி டீக்கடையில் "மலேயா மாரிமுத்து" என்றதும் நாலு பேர் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். "நம்ம சுரேஷோட தாத்தா!" சுரேஷ் என்பவர் நாற்பது வயது விவசாயி. பெல்ட் மிஷின் விட்டு நெல் அறுத்துக்கொண்டிருந்தவர், வயலை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். பினாங்குச் சொந்தம் ஏதோ வந்திருப்பதாக நினைத்துக்கொண்டார். வத்தக்குழம்பு, அப்பளம், இரண்டு வகைப் பொரியல் என்று இலை போட்டார்கள். பிறகு தென்னந்தோப்புக்கு நடுவே சலவைக்கல் பதித்த சமாதிக்குக் கூட்டிப்போனார். மேலே சொன்ன அழுகை அங்கேதான் நடந்தது.

சமாதியில் பதித்திருந்த படத்தைப் போனில் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். குரல் பதிவு உடனே வந்தது. சுரேஷ் பக்கத்தில் நிற்கும்போதே, சத்தமாக அதைப் போட்டேன். அடுத்த முட்டாள்தனம்.

"யாருடா இந்த மீசைக்காரரு? எங்கப்பாவுக்கு மீசை மொளைக்கவே மொளைக்காது!"

சுரேஷ் என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

"எங்க தாத்தா பினாங்குல அரிசி மண்டி வச்சிருந்தாரு சார். உங்க தாத்தா?"

"பால் வெட்டினார். ஊருக்கு வந்து சங்கத்தில் கொடி பிடித்தார்."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சார், அந்தக் கொடிய எங்க தாத்தாவுக்கு எதிராத்தான் சார் புடிச்சிருப்பாரு. மிராசுதார்னு கல்லுலயே போட்டிருக்கு பாருங்க."

போட்டிருந்தது. பெரிய எழுத்தில்.

"மாலையை எடுத்துடவா?" என்று கேட்டேன். அதைவிடக் கேவலமான கேள்வியை நான் வாழ்நாளில் கேட்டதில்லை.

"இருக்கட்டும் சார். எங்க வூட்டு ஆளுங்களே போட்டு ரொம்ப நாளாச்சு."

மறுநாள் பலகை படித்துவிட்டுத் தென்பாதிக்குப் போனேன். ஷேர் ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது. தார்ரோட்டில் ஒரு பாதி முழுக்க நெல் காயப்போட்டிருந்தார்கள். எதிரே வைக்கோல் டிராக்டர். என் டிரைவர் நெல்லின் மேல் ஒரு சக்கரத்தை ஏற்றினார். எங்கிருந்தோ ஓர் அம்மாள் துடைப்பத்தோடு வந்து, அவர் பரம்பரையை நாலு தலைமுறை பின்னால் போய் விசாரித்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. என் ஒரு தலைமுறையைக் கண்டுபிடிக்க நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன். இவர் ஒரே மூச்சில் நாலு.

கிராம நிர்வாக அலுவலகத்தில் இருந்த அதிகாரி முப்பது வயதுப் பெண். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒப்புக்காக அலமாரியைத் திறந்து காட்டினார்.

"அந்த வருசத்து இறப்பு நோட்டு இல்லைங்க சார். அப்பல்லாம் கணக்குப்பிள்ளைங்க எழுதினது. அவங்க போயி எங்க டிபார்ட்மெண்ட் வந்தப்ப பாதி வந்து சேரல. வந்ததுல பாதி கரையான்."

"இருந்திருந்தால் தாத்தா பெயர் இருக்குமா?"

அவர் அலமாரியை மூடினார். "உங்க தாத்தா எந்தத் தெரு?"

"தெற்குத் தெரு என்று அம்மா சொல்வார்."

"எங்க தெருதான். எங்க தெருவுல விழுந்த சாவ எழுத எவரும் வரமாட்டாங்க, நாங்களும் போய்ச் சொன்னதில்ல. எங்க தாத்தா, அவரோட அண்ணன், ஒருத்தரும் நோட்டுல கெடையாது. நோட்டுப்படி பாத்தா எங்க தெருவுல யாருமே சாகல சார்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "பதிவு இல்லைன்னு ஒரு சான்று வேணா வாங்கலாம். மனு போடணும்."

இல்லை என்பதற்கும் ஒரு காகிதம் உண்டு என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. கடிதத்தின் படத்தைக் காட்டினேன். கீழே கையெழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"பக்கிரி தாத்தா எழுதினதா? அவர் இருக்காரே சார்! நாளைக்குக் காலைல போங்க. இப்ப போனா பேப்பர் படிச்சு முடிச்சு அரசாங்கத்து மேல கோவமா இருப்பாரு."

மூன்றாம் நாள் காலை போனேன். காலையிலும் கோபமாகத்தான் இருந்தார். எண்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, சிவப்புத் துண்டு, கையில் பூதக்கண்ணாடி.

"மாரிமுத்து பேரனா? எந்த மாரிமுத்து?"

இப்போது எனக்கு அனுபவம் வந்திருந்தது. "மீசை இல்லாத மாரிமுத்துங்க ஐயா."

கண்ணாடி அப்படியே நின்றது. "ஒக்காருங்க தம்பி" என்றார். எனக்கு ஐம்பத்து நாலு வயது. யாரும் தம்பி என்று கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது. முதல் நாள் மாலை போட்ட கதையைச் சொன்னேன். "அந்த ஆளுக்கா? எங்க மேல கேஸ் போட்ட ஆளுக்கா?" என்று சிரித்துச் சிரித்து இருமினார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "தண்ணிய குடிச்சுட்டுச் சிரிங்க" என்றது.

போனில் கடிதத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் பூதக்கண்ணாடியும் வைத்து, வாய்விட்டுப் படித்தார். 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்ற இடத்தில் ஒரு தடவை நிறுத்தி ரசித்தார்.

"நல்லா எழுதியிருக்கேன்ல?"

"ரொம்ப நல்லா, ஐயா. இதைப் பார்த்தால் அம்மா இன்றைக்கும் அழுவார்."

"எதுக்கு அழுவணும்? கட்சி மாறினதுக்கா?"

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கட்சியா?"

"பின்ன? எங்களை விட்டுப் போயிட்டான். ஆட்சிக்கு வந்தவனுங்க பக்கம் போயிட்டான். அதைத்தான எழுதியிருக்கேன்? செத்துட்டான்னு எங்கயாவது எழுதியிருக்கேனா, பாத்துச் சொல்லுங்க!"

பார்த்தேன். எழுதவில்லை. தேதி ஏன் இல்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

"ஆவன செய்யவும் என்று..."

"பொண்ணு கண்டிச்சு ஒரு வரி எழுதினா திரும்பி வருவான்னு நெனச்சேன்."

"நாங்கள் கருமாதி செய்தோம் ஐயா."

"அதான் தெரியுமே" என்று சொல்லிக்கொண்டே உள்ளேயிருந்து அந்தக் குரலுக்குரியவர் வந்தார். ஐயாவின் மனைவி அஞ்சம்மாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். "உங்கப்பாரு பதில் எழுதியிருந்தாருல்ல, எல்லாம் மொறையா செஞ்சு முடிச்சுட்டோம்னு. அதை இவருதான் டீக்கடையில வச்சுப் படிச்சுக் காமிச்சாரு. செத்தவருக்கே."

தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. கேட்டுவிட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாராம். வடை போட்டார்களா என்று கேட்டாராம். 'மகள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை' என்ற வரி வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எழுதுடா பக்கிரி, நான் இருக்கேன்னு எழுது" என்றாராம்.

"எழுதினீங்களா ஐயா?"

பக்கிரிசாமி ஐயா செய்தித்தாளை எடுத்து விரித்தார். அஞ்சம்மாள்தான் சொன்னார்: "உன் கட்சிக்காரன எழுதச் சொல்லுன்னுட்டாரு."

"அப்பக் கோவம்" என்றது செய்தித்தாள்.

தாத்தாவின் புதுக் கட்சிக்காரர் எழுதினார். பழைய தோட்டத்து முகவரிக்கு, அடுக்குமொழியில், நாலு பக்கம். தோட்டத்தையோ அதற்குள் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். புது முகவரி இருந்தது அப்பாவின் கடித உறையில் மட்டும். உறை இருந்தது பக்கிரிசாமியின் சட்டைப்பையில்.

"அவன் வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேன். கேக்கலையே!"

"நீங்க குடுத்திருந்தா அவரு எதுக்குக் கேக்கணும்?" என்றார் அஞ்சம்மாள். இந்த இரண்டு வரிகளும் அந்த வீட்டில் பலமுறை பேசித் தேய்ந்தவை என்பது தெரிந்தது.

இப்படிப் பன்னிரண்டு வருஷம். இருவரும் ஒரே மதகுக் கட்டையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்களாம். இவர் ஆட்சியைத் திட்டுவாராம், ஆற்றைப் பார்த்து. அவர் ஆட்சியைப் புகழுவாராம், வயலைப் பார்த்து. ஆனால் இரண்டு வேளையும் அஞ்சம்மாள் கையால்தான் தாத்தாவுக்குச் சோறு.

"சோறு வேற, கட்சி வேற" என்றார் ஐயா, பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"தாத்தா ஏன் மாறினார்?" என்று கேட்டேன்.

"மனைப்பட்டாவுக்கு. அதுக்குப் போராடினது யாரு? நாங்க. கையெழுத்துப் போட்டுப் பேரு வாங்கினது அவனுங்க. வாங்கித் தர்றேன்னு ஒருத்தன் சொன்னான், இவன் போயிட்டான்."

அஞ்சம்மாள் அவரைக் கண்டுகொள்ளாமல் என்னிடம் சொன்னார்: "மிராசு எடத்துல குடிசை தம்பி. போன்னா போவணும். எம் பொண்ணு மலேயாவுலேருந்து வந்தா, கதவு வச்ச வூட்டுல தங்கணும், எவனும் எந்திரின்னு சொல்லக் கூடாதும்பாரு. பட்டா வந்துச்சு. செவுரு மண்ணுதான். ஆனா கதவு தேக்கு. எங்கேருந்து கொண்டாந்தாரோ தெரியல."

மண் சுவர் ஒரு புயலில் போய்விட்டதாம். கதவு அவர்கள் மாட்டுக்கொட்டகையில் இருந்தது. போய்ப் பார்த்தேன். உள்ளே ஒரு பசுவும் கன்றும். என்ன செய்வதென்று தெரியாமல் கதவைத் தட்டினேன். பசு திரும்பிப் பார்த்தது. பஸ்ஸில் முன் சீட்டு அம்மாள் பார்த்த அதே பார்வை.

திரும்பி வந்தபோது ஐயா ஒரு தகரப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். நீல நிற வான்கடிதம் ஒன்றை நீட்டினார். அப்பா பெயர், எங்கள் பழைய ஈப்போ முகவரி, அதன் மேல் 'திருப்பி அனுப்புக' என்ற முத்திரை. நாங்கள் அதற்குள் மறுபடியும் வீடு மாறியிருக்க வேண்டும். ஒட்டியது பிரிக்கப்படவே இல்லை.

"உங்களுக்கு வந்ததுதான். பிரிங்க."

பிரித்தேன். அதே கையெழுத்து. ஆனால் இந்தத் தடவை சகோதரி இல்லை, இழப்பு இல்லை.

'அம்மா, உங்க அப்பா மாரிமுத்து நேத்துக் காலைல செத்துட்டார். நெசமாவே செத்துட்டார். ஐப்பசி, வளர்பிறை பஞ்சமி. வயல்ல தண்ணி வடியுதான்னு பாக்கப் போனவர் வரப்புல உக்காந்தபடியே போயிட்டார். நான் பக்கத்துல இருந்தேன். நானே கொள்ளி வச்சேன். ஆத்தங்கரையில் எரிச்சோம். உங்க முகவரி இத்தனை நாளும் என்கிட்டதான் இருந்துச்சு. பக்கிரி.'

"முதல் லெட்டர்ல தமிழ் அதிகமாயிட்டுது" என்றார் ஐயா. "அதான் இதுல கொறைச்சுட்டேன்." பிறகு, "திதியெல்லாம் எனக்கு நம்பிக்கை கெடையாது. இவ சொல்லி எழுதினது" என்றார்.

மத்தியானம் கெளுத்தி மீன் குழம்பு. அம்மா வைப்பதைவிட நன்றாக இருந்தது. அதை அம்மாவிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை; ஆனால் அதைவிடக் கஷ்டமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. உயிரோடு இருந்த அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷம் படையல் போட்டிருக்கிறாய் என்று எண்பது வயது அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கிளட்சை மெதுவாக விடு, அவசரப்படாதே என்று ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கொல்லைப் பக்கம் போய் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு வந்தேன்.

"உங்கம்மா என்னைத் திட்டுமா?" என்று கேட்டார் ஐயா. அவர் குரல் முதல் தடவையாகக் கிழவர் குரலாக இருந்தது.

"தெரியலையே ஐயா."

அவர் மறுபடி செய்தித்தாளை எடுத்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

போன் போட்டேன். ஒத்திகையெல்லாம் எங்கோ போய்விட்டது. கட்சி, கருமாதி, உறை, கதவு எல்லாவற்றையும் முன்பின்னாகக் கொட்டினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை, அம்மா மூச்சுவிடுவது கேட்டது.

"பஞ்சமியாம்மா. ஐப்பசி, வளர்பிறை. இனிமேல் சரியான நாளில் படைக்கலாம்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"தாத்தா பட்டினி கிடக்கவில்லை. ஐயாவின் சம்சாரம்தான் பன்னிரண்டு வருஷமும் சோறு போட்டிருக்கிறார்கள். இதோ என் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்."

அஞ்சம்மாள் முந்தானையைத் திருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். செய்தித்தாள் அசையவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"அம்மா, கோபமாம்மா? ஐயாவிடம் ஏதாவது கேட்கணுமா? நான் கேட்டுச் சொல்லட்டுமா?"

அம்மா தொண்டையைச் செருமினார்.

"நீ ஒண்ணும் கேக்க வேணாம், அந்த அம்மாகிட்ட போனைக் குடு."